இடது பக்கத்து சீட்

ஜனவரி 9

மிருதுளா பெங்களூரிலிருந்து இந்த டைரியை அனுப்பியிருக்கிறாள். தினமும் நாலு வரி எழுதினால் அப்பாவுக்கு மனசு அமைதியாகும் என்று தன் அம்மாவிடம் சொன்னாளாம். என் மனசு அமைதியாகத்தான் இருக்கிறது. சுற்றியிருப்பவர்கள்தான் விட மாட்டேன் என்கிறார்கள்.

நேற்று கண் டாக்டரிடம் போனோம். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து போயிருக்கிறதாம், இரண்டு கண்ணிலும். ஓரத்தில் தெரிவது தெரியும். நேர் எதிரே இருப்பது மங்கிக்கொண்டே போகும். ஊசி போட்டுத் தள்ளிப் போடலாம், நிறுத்த முடியாது. "வண்டி ஓட்டறத இன்னையோட விட்ருங்க சார்" என்றது அந்தப் பெண். முப்பது வயசு இருக்கும். நான் கோத்தகிரி மலையில் வண்டி ஓட்டிக் கப்பு வாங்கியபோது அவள் பிறந்தே இருக்க மாட்டாள். சரிம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கோதை கேட்டாள். "ஏனுங்க, டாக்டரம்மா சொன்னது காதுல விழுந்துச்சுங்ளா?"

"கண்ணுக்குத்தான வைத்தியம் பாக்கப் போனோம்? காது நல்லாத்தான் இருக்குது."

முறைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அந்த முறைப்பு நன்றாகவே தெரிந்தது. அப்புறம் என்ன கண் கெட்டுவிட்டதாம்?

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். எங்கள் வீட்டில் மாடு கிடையாது. ஷெட்டில் நிற்கும் ஸ்பிட்ஃபயர் காருக்குத்தான் வருஷா வருஷம் பொட்டு, மாலை எல்லாம். அறுபத்தைந்தாம் வருஷத்து வண்டி. இரண்டே சீட், மடக்குகிற கூரை, பானெட் முழுவதும் முன்பக்கமாகத் திறக்கும். குன்னூரில் ஒரு எஸ்டேட் மேனேஜரிடம் வாங்கினேன். அதில்தான் நானும் கோதையும் எட்டு வருஷம் ராலிப் பந்தயம் ஓடினோம். நான் ஓட்டுவேன், அவள் இடது பக்கத்தில் மடியில் பலகையை வைத்துக்கொண்டு வழியும் வேகமும் சொல்லுவாள். பீளமேட்டில் பம்புசெட் ஃபவுண்டரி நடத்துகிறவன் புதுப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு மலை மலையாகச் சுற்றுகிறான் என்று சொந்தக்காரர்கள் பேசாத பேச்சில்லை.

பூசை முடிந்து ஸ்டார்ட் செய்தேன். சோக்கை முழுக்க இழுத்து, ஆக்சிலேட்டரை இரண்டு தட்டு தட்டி, மூச்சுவிடும் நேரம் பொறுத்துச் சாவி திருப்ப வேண்டும். என்னைத் தவிர யார் கைக்கும் அது எழும்பாது. எழும்பியது. உடனே உள்ளே டங் டங் என்று ஒரு சத்தம். ஷெட் முழுக்க நீலப் புகை.

ராயப்பனைக் கூப்பிட்டேன். என் ஃபவுண்டரியில் ஃபிட்டராக இருந்தவன், இப்போது கணபதியில் சொந்தமாக லேத் வைத்திருக்கிறான். பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "எஞ்சின் பிளாக்குலயே விரிசல் உழுந்துருக்குதுங் மொதலாளி. இதுக்கு சாமான் லண்டன்லயும் இல்ல."

"மாருதி ஜிப்சி எஞ்சின் ஒண்ணு புடி. கியர்பாக்ஸோட" என்றேன்.

கோதை அங்கேயே மாலையைக் கையில் பிடித்தபடி நின்றாள். "எஞ்சின மாத்திட்டா அப்புறம் அது அந்த வண்டியாங்க?"

"ஓடாம நின்னா மட்டும் அந்த வண்டியா?"

"ஓட்டறதுக்கு யாரு இருக்கறாங்க?"

"நான் இருக்கறேன். ஒரு தடவ கோத்தகிரிக்கு ஏத்தி எறக்கிட்டு விட்டர்றேன்."

"நீங்க ஓட்டுனா நான் ஏறமாட்டேன். சொல்லிட்டேன்" என்றாள். சாப்பாட்டில் பேச்சே இல்லை. சர்க்கரைப் பொங்கலில் முந்திரியும் குறைவு.

பிப்ரவரி 3

ஜிப்சி எஞ்சின் வந்துவிட்டது. ஏலத்தில் போன ஜீப்பிலிருந்து கழற்றியது. ஆயிரத்து முந்நூறு சி.சி., ஐந்து கியர். நம் வண்டிக்குப் பொருத்தமானது இதுதான், ஏனென்றால் இது நீளவாக்கில் உட்காரும் எஞ்சின், பின் சக்கரத்தைத் தள்ளும். மற்ற புது எஞ்சின் எல்லாம் குறுக்கே படுத்துக் கிடக்கும், நமக்கு ஆகாது.

பழைய எஞ்சினைச் செயின் பிளாக்கில் கட்டித் தூக்கினோம். வண்டியின் மூக்கு அரை அடி மேலே எழும்பிவிட்டது. அத்தனை நாள் அத்தனை கனத்தைச் சுமந்திருக்கிறது. கோதை வாசலோடு நின்று பார்த்தாள், உள்ளே வரவில்லை. பழைய இரும்புக்காரனுக்குப் போடட்டுமா என்று ராயப்பன் கேட்டான். "எவனாச்சும் அதத் தொட்டுப் பாருங்க" என்று அங்கிருந்தே சத்தம் போட்டாள். கோணி போட்டு மூடி மூலையில் வைத்திருக்கிறோம்.

பிப்ரவரி 6

பேப்பர்காரனிடம் சத்தம் போட்டேன். இப்போதெல்லாம் அச்சு ரொம்ப மோசம்.

பிப்ரவரி 21

எஞ்சின் இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. அடியிலிருக்கும் ஆயில் தொட்டி, அதாவது சம்ப், குறுக்குச் சட்டத்தில் முட்டியது. சம்ப்பை வெட்டி, ஆழத்தைக் குறைத்து, பக்கவாட்டில் அகலம் கூட்டி ராயப்பன் வெல்டிங் வைத்தான். அந்த வெல்டிங்கை நானே வைத்திருப்பேன், ஷெட்டில் வெளிச்சம் போதவில்லை. பல்பு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

எஞ்சின் கச்சிதமாக உட்கார்ந்தது. எல்லாரும் கை தட்டினோம். பானெட்டை மூடினால் மூட வரவில்லை. ஏர் கிளீனரைக் கழற்றி வைத்துவிட்டு உயரம் பார்த்திருக்கிறோம், இரண்டு கழுதைகள்! கோதை இன்றைக்குத்தான் இந்த வேலையில் முதல் தடவை சிரித்தாள். "தொப்பியக் கழட்டி வச்சுட்டு ஆள் ஒசரம் பாத்து வாசக்கால் வச்சாப்பல" என்றாள். கோபம் வந்தது. அவள் சிரித்தது சந்தோஷமாகவும் இருந்தது.

மார்ச் 11

ராயப்பன் என் மானத்தை வாங்கிவிட்டான்.

கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கத்துக்குப் போகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு நான்தான் வண்டிக்கு அடியில் படுத்து அளவு எடுத்தேன். அந்த அளவுக்கு அவன் லேத்தில் வெட்டி, இணைத்து, பேலன்ஸ் எல்லாம் பார்த்துக் கொண்டுவந்தான். மாட்டினால் எட்டவில்லை. நாலு விரல் அகலத்துக்குக் குறைகிறது.

"நீ தப்பா வெட்டிட்ட" என்றேன்.

"நீங்க சொன்ன அளவுதானுங் மொதலாளி." தரையில் சாக்பீஸால் நானே எழுதி வைத்ததைக் காட்டினான். அதுவும் அவன் சொல்வதும் ஒன்றாகத்தான் இருந்தது. டேப் கெட்டுப் போயிருக்கும் என்றேன். ராயப்பன் என் முகத்தைப் பார்த்தான். ஷாஃப்ட்டைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 14

காலையில் ஷெட்டுக்குப் போனால் கோதை டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். புடவையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"அந்தக் கடைசியப் புடிங்க. நான் படிக்கறேன்."

"நீ எதுக்கு?"

"அந்தக் காலத்துல யாருங்க படிச்சா?"

வண்டிக்கு அடியில் படுத்துப் பிடித்தேன். அவள் அளவைச் சொன்னாள். நான் டேப்பை அழுத்திப் பிடித்தபடியே இருந்தேன். மறுபடியும் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அப்போதுதான் உறைத்தது. ராலியில் எங்களுக்கு இருந்த ஒரே சட்டம் அது: வழி பார்க்கும் நேவிகேட்டர் சொல்வதை டிரைவர் வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். "அடுத்தது இடது, கூர்." "இடது, கூர்." கூர் என்றால் சட்டென்று மடங்கும் வளைவு. சொன்னால்தான் கேட்டது என்று அர்த்தம். வண்டிக்குள் அவள் சொன்னதை நான் எதிர்த்துப் பேசியதும் இல்லை, அவள் ஒரு குறிப்பைத் தப்பாகச் சொன்னதும் இல்லை.

அளவைத் திருப்பிச் சொன்னேன். "ம்" என்று எழுதிக்கொண்டாள்.

மார்ச் 30

புது ஷாஃப்ட் கன கச்சிதம். கிளட்ச் கேபிளும் மாட்டியாயிற்று. பழைய கிளட்ச்சை மிதிக்க ஆனைக்கால் வேண்டும். இது வெண்ணெய்.

ஏப்ரல் 17

ஊசி. கண்ணில் ஊசி போடுவதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

மே 2

எழும்பிவிட்டது!

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, சாவியைத் திருப்பினேன். சோக் இல்லை, தட்டு இல்லை, காத்திருப்பு இல்லை. திருப்பின உடனே பிடித்துக்கொண்டது. ராயப்பன் விசில் அடித்தான், ஐம்பத்தைந்து வயசில். எனக்குக் கண் கலங்கியது, கற்பூரப் புகை.

கோதை காதைச் சாய்த்துக் கேட்டாள். பழைய எஞ்சினின் சத்தத்தை வைத்தே வேகம் சொல்லுகிறவள் அவள். ஒருமுறை மீட்டர் கெட்டு, காதை வைத்தே மலை முழுக்க வேகம் சொல்லி, இரண்டாம் பரிசு வாங்கிக் கொடுத்தாள்.

"தையல் மெஷினாட்டம் இருக்குது" என்றாள்.

"யாரு திருப்புனாலும் எழும்பும்" என்றேன்.

"அப்ப உங்களுக்கு வருத்தமில்லீங்ளா?"

என்ன கேள்வி இது. மாங்காய்ச் சாதம் ஆறுகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மே 8

ஆர்.டி.ஓ. ஆபீசில் புது எஞ்சின் நம்பரைப் பதியும் வேலை முடிந்தது. அலைந்தது கோதை. பெருமை எனக்கு.

மே 12

வண்டியை வெளியே எடுத்தேன். எழுத ஒன்றுமில்லை.

மே 13

எழுதாமல் இருந்தால் தூக்கம் வராது போலிருக்கிறது.

நேற்று கோதை கோயிலுக்குப் போயிருந்தாள். லே-அவுட் ரோடுதானே, ஒரு சுற்று சுற்றி வரலாம் என்று எடுத்தேன். கூரையை மடக்கியிருந்தேன். இரண்டாவது கியர், மூன்றாவது, அப்பப்பா, என்ன ஒரு இழுப்பு! சத்தமாகச் சிரித்தேன். ரோட்டின் இரண்டு ஓரமும் தெரிந்தது. வேலி தெரிந்தது, வீடுகள் தெரிந்தன. ரோடு காலி என்றுதான் நினைத்தேன்.

"ஏய்ய்!" என்று ஒரு கத்தல். பிரேக்கை மிதித்தேன். என்னமோ உரசி, என் மேலே துணிகள் வந்து விழுந்தன. தேய்ப்பு வண்டிக்கார முத்தாயியின் தள்ளுவண்டி. நட்டநடு ரோட்டில், எனக்கு நேர் எதிரே, தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். அவ்வளவு பெரிய வண்டி, நீலப் பெயிண்ட் அடித்தது. நான் பார்க்கவே இல்லை. கத்தியிருக்காவிட்டால் அவள் மேலேயே ஏற்றியிருப்பேன். கரி கொட்டி, கொதிக்கிற இஸ்திரிப் பெட்டி அவள் காலுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தது.

திட்டுவாள் என்று நின்றேன். கிட்டே வந்து என் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டிப் பார்த்தாள். "ஏஞ்சாமி, கண்ணு தெரியலீங்ளா?" என்றாள், மெதுவாக.

அந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் அப்படி நேராகக் கேட்கவில்லை. "தெரியலம்மா" என்றேன்.

துணிகளை இரண்டு பேருமாகப் பொறுக்கினோம். அவளே அக்கட்டால இக்கட்டால என்று இரண்டு பக்கமும் ஆள் பார்த்துச் சொல்ல, நான் எஞ்சினை அணைத்துக் காரைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். பயமாக இருக்கிறது. முத்தாயியை நினைத்துத்தான் முதலில் பயம். அப்புறம் எனக்காக.

கோதையிடம் சொல்லவில்லை. முத்தாயி சொல்லியிருப்பாள். ராத்திரி கோதை எனக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு கடைந்திருந்தாள்.

மே 19

டிரைவர் சீட்டை இரண்டு ஓட்டை முன்னால் தள்ளி மாட்டினேன். பழைய இடத்தில் போல்ட் துருப்பிடித்திருந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

மே 24

கிளட்ச் பெடல் மேலே தேக்குக் கட்டை ஒன்று வைத்துத் திருகினேன். ரப்பர் தேய்ந்துவிட்டது, வழுக்குகிறது. கட்டை கொஞ்சம் தடிமனாகிவிட்டது, இருக்கட்டும்.

ராயப்பன் பார்த்தான். "இப்ப மொதலாளி உக்காந்தா முழங்கால் ஸ்டியரிங்ல இடிக்குமுங்க" என்றான். உன் வேலையைப் பாருடா என்றேன். "செரீங், செரீங்" என்று சிரித்துக்கொண்டே போனான். தடியன்.

மே 27

பின்னால் பார்க்கிற கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். சீட்டுக்கு முதுகில் ஒரு மெத்தையும் தைக்கக் கொடுத்தேன்.

ஜூன் 5

கோதை ஷெட்டுக்கு வந்தாள். நான் பானெட்டுக்கு அடியில் ஏதோ துடைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கிளட்ச் மிதிபடுகிற சத்தம் கேட்டது. மறுபடியும் மிதித்தாள்.

"ஏனுங்க."

"ம்."

"கால் எட்டுது."

"போல்ட்டு துரு புடிச்சிருந்துச்சு. அதான் தள்ளி வச்சேன்."

"கட்டை?"

"ரப்பர் தேஞ்சு போச்சு."

"கண்ணாடில என் மூஞ்சி நேரா தெரியுது. அதுவும் துருங்ளா?"

நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைத்த இடத்தையே எத்தனை தடவைதான் துடைப்பது.

"கல்யாணமாகி வந்ததுலருந்து இந்த ஸ்டியரிங்கத் தொட விட்டதில்ல நீங்க. மாருதி ஓட்டறேன், ஸ்கூட்டர் ஓட்டறேன். இத மட்டும் தொட்டா கைய ஒடிச்சுருவேன்னீங்க."

"அந்த எஞ்சின் உனக்கு எழும்பாது கோதை. இது எழும்பும்."

சொல்லிவிட்டேன். அவள் இறங்கி வந்து என் கையிலிருந்த துணியை வாங்கி வைத்தாள். என் நெற்றியில் கிரீஸ் இருந்ததாம், முந்தானையால் துடைத்தாள். அழுதாளா என்று எனக்குத் தெரியாது. நேர் எதிரே இருந்தாள்.

ஜூன் 22

காலி மைதானத்தில் கோதை ஓட்டினாள். கியர் மாற்றும்போது எனக்குப் பல் கூசியது. வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு தடவை திறந்தேன். "இறக்கி விட்ருவேன்" என்றாள்.

ஜூலை 14

மிருதுளா போனில் அழுகிறாள், கத்துகிறாள். அம்மா அறுபத்திரண்டு வயசில் மலையில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவதாம், அப்பா பக்கத்தில் உட்காருவதாம். "ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப் போச்சா?"

கோதை போனை வாங்கினாள். "உங்கப்பாவுக்கு அந்த ரோடு மனப்பாடம் கண்ணு. எனக்குக் கண்ணு இருக்குது. ரெண்டையும் சேத்தா ஒரு முழு டிரைவரு."

ஆகஸ்ட் 11

இது கோதையின் கையெழுத்து. என் வரிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிவிடுகின்றன என்கிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். சொன்னதை மாற்றாமல் எழுத வேண்டும் என்பது ஒப்பந்தம்.

நேற்று கோத்தகிரி போனோம். விடிந்ததும் கிளம்பி, மேட்டுப்பாளையத்தில் இட்லி சாப்பிட்டு, மலை ஏறினோம். நான் இடது பக்கத்து சீட்டில். அந்த சீட்டில் இதுவரை நான் உட்கார்ந்ததே இல்லை. அங்கே காற்று வேறு மாதிரி அடிக்கிறது. அவள் அத்தனை வருஷமும் கண்ணில் தூசி என்று சொன்னது நிஜம்தான்.

கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால்தான் ரோடு தெரிகிறது. "பாலம் வரும், அப்புறம் வலது, நீளம்" என்றேன்.

"வலது, நீளம்" என்றாள் அவள்.

"இடது, கூர். ரெண்டாவதுக்கு எறக்கு."

"இடது, கூர். ரெண்டாவது."

ஒவ்வொரு வளைவும் நான் சொன்ன இடத்தில் வந்தது. ஜிப்சி எஞ்சின் முனகாமல் இழுத்தது. ஓரிடத்தில் "வலது, கூர்" என்றேன். அவள் திருப்பிச் சொல்லவில்லை. "இல்லீங்க. இங்க ரோட்ட அகலமாக்கி நேரா உட்டுட்டாங்க." எனக்குச் சுருக்கென்றது. மனப்பாடமும் ஒருநாள் பழசாகும் என்று நான் யோசிக்கவே இல்லை. "நேரா" என்றேன். "நேரா" என்றாள். அதற்கப்புறம் சில இடங்களில் அவள் சொன்னாள், நான் திருப்பிச் சொன்னேன். யார் நேவிகேட்டர் என்பது குழம்பிப் போய்விட்டது. வண்டி ஒழுங்காகத்தான் போனது.

மேலே, பள்ளத்தாக்கு திறக்கிற வளைவில் ஓரமாக நிறுத்தினாள். ராலி நாட்களில் அங்கேதான் ஃபிளாஸ்க் காபி குடிப்போம். கீழே பவானி ஆறு, மேட்டுப்பாளையம், சமவெளி எல்லாம் தெரியும். நான் இறங்கிக் கதவில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தேன். எதிரே வெள்ளையாக இருந்தது. முகத்தைத் திருப்பி ஓரத்தால் பார்த்தேன். பக்கத்துப் புல் தெரிந்தது, தூரத்துப் பள்ளத்தாக்கு அப்போதும் வெள்ளை.

"பனி எறங்கிருச்சா கோதை?" என்று கேட்டேன்.

எஞ்சின் ஆறுகிற சத்தம் கேட்டது.

"ஆமாங்க" என்றாள். "பனிதான். ஒண்ணுமே தெரியல."

கதவின் தகரம் உள்ளங்கையைச் சுட்டது. முன்கையில் வெயில் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தது. நேவிகேட்டர் சொல்லிவிட்டாள், சட்டம் சட்டம்தான்.

"பனிதான்" என்று திருப்பிச் சொன்னேன்.

காபி குடித்தோம். அவளே வண்டியைத் திருப்பினாள், அவளே இறக்கினாள்.

இதைச் சொல்லும்போது கோதையின் பேனா நின்றுவிட்டது. வெயில் சுட்டதை நான் அங்கே அவளிடம் சொல்லவில்லை.

"எழுது கோதை. மாத்தாம எழுது."

எழுதுகிறாள்.